ஃபைப்ரோசிஸ்: ‘நாரேற்றம்’ என்று எழுதலாம்

உடலின் ஓர் உறுப்புக்குள் நார்ப்பொருள் அளவுக்கு மீறிச் சேர்ந்து, அந்த உறுப்பின் மென்மையும் வேலையும் கெடுவதற்கு ஃபைப்ரோசிஸ் என்று பெயர். கல்லீரல், நுரையீரல், சிறுநீரகம், கணையம், தோல் என எங்கும் வரலாம். தஞ்சாவூர் மருத்துவக்கல்லூரிச் சாலையில் ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பலர் இந்தச் சொல்லைப் பார்த்திருப்பார்கள். அதற்கு என்ன பொருள் என்று மருந்துக்கடைக்காரரிடம் கேட்டும் இருப்பார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் தமிழ்ச் சொல் இடத்துக்கு இடம் மாறுகிறது. ‘நாரேற்றம்’ என்ற ஒரே சொல்லில் நாம் நிலைகொள்ளலாம் என்பது என் கருத்து.

மூலம் எளிது. ‘ஃபைப்ரா’ என்ற இலத்தீன் சொல்லுக்கு நார், இழை என்று பொருள். பலி கொடுத்த விலங்கின் ஈரலைப் பார்த்து உரோமானியர்கள் குறி சொன்ன காலத்தில், ஈரலின் மடல்களையும் அதே சொல்லால் குறித்தார்கள். ‘ஓசிஸ்’ என்பது கிரேக்கப் பின்னொட்டு. ஒரு நிலையையோ அந்த நிலைக்குப் போகும் செயலையோ காட்டும். இரண்டையும் சேர்த்து 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் இந்தச் சொல்லைக் கட்டினார்கள்.

முன்பாதிக்குத் தமிழில் தேடி அலைய வேண்டியதில்லை. ‘நார்’ நம் பழஞ்சொல். திருவையாறு, கண்டியூர்ப் பக்கம் வாழைத்தோப்பு இல்லாத ஊரைக் காண்பது அரிது. வாழை மட்டையிலிருந்து உரித்துக் காயவைத்த நாரைத் தண்ணீரில் நனைத்து, நகத்தால் மெல்லியதாகக் கிழித்துப் பூக்கட்டும் கைகளை அங்கே கடைத்தெருவெங்கும் பார்க்கலாம். நார் என்ற சொல்லுக்கு அன்பு என்ற பொருளும் உண்டு. குறளில் வரும் ‘நாரின்மை’ அன்பின்மையைத்தான் சொல்கிறது.

சிக்கல் பின்பாதியில்தான் தொடங்குகிறது. மருத்துவ ஆய்வுகளுக்கான ஒப்புதல் படிவங்களைத் தமிழாக்கும் வேலை எனக்கு அவ்வப்போது வரும். பிறர் ஆக்கியதைச் சரிபார்க்கவும் கொடுப்பார்கள். ஃபைப்ரோசிஸுக்கு அவற்றில் நான் கண்டவை: தழும்பு, வடு, நார்க்கட்டி, இழைநார் வளர்ச்சி, திசுத் தடிப்பு. இவற்றில் மிக ஆபத்தானது ‘நார்க்கட்டி’. அது கருப்பையில் வரும் ஃபைப்ராய்டுக்கு நிலைத்துவிட்ட பெயர். ஃபைப்ராய்டு தனித்து உருண்டு நிற்கும் கட்டி. ஃபைப்ரோசிஸ் உறுப்பெங்கும் ஊடுருவிப் பரவுவது. ஒருமுறை ஒரு மருத்துவமனையில் பாபநாசம் பக்கத்து விவசாயி ஒருவருக்குப் படிவத்தை வாசித்துக் காட்டினார்கள். அவருக்குக் கணையம் வீங்கி, மஞ்சள்காமாலை வந்து, புற்றுநோயோ என்று குடும்பமே இடிந்து போயிருந்தது. திசுப் பரிசோதனையில் புற்று இல்லை என்று தெரிந்து அப்போதுதான் மூச்சு விட்டிருந்தார். படிவத்தில் ‘கணைய நார்க்கட்டி’ என்ற சொல் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கட்டி இல்லை என்று போன வாரம்தானே சொன்னீர்கள் தம்பி? இப்போது கட்டி என்று எழுதியிருக்கிறதே?”

“கட்டி இல்லை ஐயா. உறுப்பு உள்ளுக்குள் நாரேறி இறுகியிருக்கிறது.”

“கொத்தவரங்காய் முற்றினால் நாரேறுமே, அந்த மாதிரியா?”

“ஆமாம் ஐயா, அதேதான்.”

அதற்குப் பிறகு வாசிப்பு தடங்கலின்றி நடந்தது. அவர் கேட்ட கேள்விகளும் நோயைப் பற்றியவையாக இருந்தன.

‘தழும்பு’ அவ்வளவு மோசமில்லை, ஆனால் போதாது. தழும்பு என்பது நடந்து முடிந்த ஒன்றின் அடையாளம். காயம் ஆறிவிட்டது, வடு நிற்கிறது, அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை என்ற எண்ணத்தை அது தந்துவிடும். நாரேற்றமோ நடந்துகொண்டிருக்கும் செயல். காயம் பட்ட இடத்தில் ‘ஃபைப்ரோபிளாஸ்ட்’ என்ற நாராக்கும் செல்கள் விழித்தெழுந்து கொலாஜன் என்னும் புரத இழைகளைச் சுரந்து பழுது பார்க்கின்றன. வேலை முடிந்ததும் அவை அடங்க வேண்டும். தூண்டுதல் ஓயாதபோது அவையும் ஓயாமல் கொலாஜனைக் குவிக்கின்றன. தூண்டுதலை நிறுத்தினால் குவிவதும் நிற்கலாம். தொடக்க நிலையில் ஓரளவு பின்வாங்கவும் கூடும். ‘ஏற்றம்’ என்ற விகுதிச்சொல் இந்த நகர்வைத் தன்னுள் வைத்திருக்கிறது. ‘இழைநார் வளர்ச்சி’யும் பொருளால் சரியே, கல்லீரல் நோய்க்கு அது ஓரளவு வழக்கத்துக்கும் வந்துவிட்டது. ஆனால் வளர்ச்சி என்பது நல்ல சொல். நோய்க்குக் கொடுக்க மனம் வரவில்லை. ‘நாரேறிய கணையம்’, ‘நாரேறாமல் தடுக்கும் மருந்து’ என்று வினையாகவும் எச்சமாகவும் வளைத்து எழுத முடிவது நாரேற்றத்துக்கு இன்னொரு வலு.

இந்தச் சொல் இன்றைய ஆய்வேடுகளில் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. ‘ஃபைப்ரோ-இன்ஃப்ளமேட்டரி’ என்று இணைந்து வருகிறது. பின்பகுதிக்கு நம்மிடம் இருக்கும் ‘அழற்சி’ மிகப் பொருத்தமானது. இலத்தீன் சொல் தீச்சுடரிலிருந்து பிறந்தது. அழற்சியும் தீயைக் குறிக்கும் ‘அழல்’ என்பதிலிருந்து வந்தது. சிவத்தல், வீங்குதல், சுடுதல், வலித்தல் என்று முதல் நூற்றாண்டில் செல்சஸ் என்ற உரோம நூலாசிரியர் வகுத்த நான்கு அறிகுறிகளும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். ஆகவே ‘நாரேற்ற அழற்சி நோய்கள்’ என்றால் இருபாதியும் விளங்கிவிடும்.

இந்தக் குடும்பத்தில் இன்று ஆய்வாளர்கள் அதிகம் பேசுவது ஐஜிஜி4 சார்ந்த நோயைப் பற்றி. ஐஜிஜி4 என்பது இரத்தத்தில் உள்ள எதிர்ப்புரத வகைகளில் ஒன்று. இயல்பாக அதன் பங்கு மிகச் சிறியது. நாரேறி இறுகும் ஒருவகைக் கணைய அழற்சி உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் மிகுந்திருப்பதை 2001-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இது கணையத்தோடு நிற்கும் நோயன்று, உடல் முழுதும் பரவக்கூடிய ஒரே நோய் என்று 2003-இல் மற்றொரு ஜப்பானியக் குழு எடுத்துரைத்தது. அதன்பின் பழைய பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து இதன் கீழ் சேர்ந்தன. தைராய்டு சுரப்பி இரும்புபோல் இறுகுவதை 1896-இல் எழுதிய ரீடலின் நோய், தாடைக்கடியில் உமிழ்நீர்ச் சுரப்பி கெட்டிப்படும் கியூட்னரின் வீக்கம், கண்ணீர்ச் சுரப்பியும் உமிழ்நீர்ச் சுரப்பியும் சேர்ந்து வீங்கும் மிக்குலிச்சின் நோய், வயிற்றின் பின்சுவரில் நாரேறிச் சிறுநீர்க்குழாயை நெருக்கும் ஆர்மண்டின் நோய் என்று நூறாண்டுகளாகத் தனித்தனியே படுத்திருந்தவற்றில் பெரும்பங்கு ஒரே குடும்பம் என்று தெரியவந்தது. பெயர் சிதறிக் கிடந்தவரை நோயும் சிதறித்தான் தெரிந்தது. புற்று என்று எண்ணி அறுவை செய்யப்பட்டு, பிறகு இந்த நோய் என்று அறியப்பட்டவர்கள் உலகெங்கும் உண்டு.

இந்த நோயின் திசுவியல் இலக்கணத்தை 2012-இல் பன்னாட்டு நோய்க்குறியியலாளர்கள் ஒருமித்து வகுத்தார்கள். நோயெதிர்ப்பு வேலை செய்யும் நிணச்செல்களும் பிளாஸ்மா செல்களும் நெருக்கமாகக் குவிந்திருப்பது ஒன்று. சிரைகள் அழன்று அடைபடுவது இன்னொன்று. மூன்றாவது ‘ஸ்டோரிஃபார்ம்’ நாரேற்றம். ‘ஸ்டோரியா’ என்றால் இலத்தீனில் கோரையாலோ வைக்கோலாலோ முடைந்த பாய். கொள்ளிடக்கரைத் தைக்காலிலும் மேற்கே முசிறிப் பக்கத்திலும் கோரைப்பாய் பார்த்து வளர்ந்த நமக்கு இது உடனே பிடிபடும். ‘பாய்ப்பின்னல் நாரேற்றம்’ என்று எழுதத்தான் முதலில் கை ஓடும். ஆனால் கோரைப்பாயில் பாவுநூலும் கோரையும் நேர்க்குறுக்காக, செங்கோணத்தில் கடக்கின்றன. நுண்ணோக்கியில் தெரிவது அப்படியில்லை. நார்க்கற்றைகள் ஒரு மையத்திலிருந்து பிரிந்து, வளைந்து, அடுத்த மையத்தின் கற்றைகளோடு பின்னிக்கொண்டு சுழல்சுழலாகக் கிடக்கின்றன. ஆற்றில் தண்ணீர் சுழித்து ஓடுவதைக் காவிரிக்கரையில் ‘சுழி’ என்கிறோம். ‘சுழிப்பின்னல் நாரேற்றம்’ என்றால் கண்ணுக்குத் தெரியும் உருவத்துக்கு இன்னும் அருகில் வருகிறது. பாய் என்ற மூலத்தைப் பின்னல் காக்கிறது, சுழற்சியைச் சுழி தருகிறது. மருத்துவ மாணவர்களுக்கு இதையே பரிந்துரைக்கிறேன்.

அடுத்து, இத்தகைய நோய்களைச் சொல்லும்போது சேர்ந்துவரும் ‘இம்யூன்’. இந்த அடைமொழியின் கதையைச் சொல்லாமல் போக முடியவில்லை. ‘இம்யூனிஸ்’ என்றால் உரோமில் வரியும் பொதுக்கடமையும் விலக்கப்பட்டவர். இன்மையைக் காட்டும் முன்னொட்டும், கடமை என்று பொருள்படும் ‘மூனஸ்’ என்ற சொல்லும் சேர்ந்தது. இதே அமைப்பில் இதே பொருளுக்குச் சோழநாட்டில் ஒரு சொல் இருந்தது: இறையிலி. இறை என்றால் வரி. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் கொடுத்த ஊர்களைக் கல்வெட்டுகள் கணக்கிடும்போது, ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், சுடுகாடு ஆகியவற்றை இறையிலி நிலமாகக் கழித்துவிட்டே மிச்சத்துக்கு வரி சொல்கின்றன. வரிவிலக்கு என்ற உரோமச் சொல் மெல்ல மெல்ல நோய்விலக்கு ஆகி, பின்னர் அந்த விலக்கைத் தரும் உடல் ஏற்பாட்டுக்கே பெயராயிற்று. தமிழில் அந்த வழியைப் பின்பற்றாமல் ‘நோயெதிர்ப்பு’ என்று வைத்துக்கொண்டோம். நல்ல சொல்தான். அதில் போர்க்குணம் இருக்கிறது, பொருளும் எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் நோயெதிர்ப்பின் வழியாகவே வரும் ‘இம்யூன்-மீடியேட்டட்’ நோயை ‘நோயெதிர்ப்புச் சக்திக் குறைபாடு’ என்று சில கையேடுகள் எழுதுகின்றன. இது நேர் எதிரான பொருள். இந்த நோய்களில் எதிர்ப்பு குறையவில்லை; இலக்கு மாறிச் சொந்தத் திசுமேல் பாய்கிறது. குறைபாடு என்று படித்தவர் என்ன செய்வார்? சக்தியை ஏற்றும் டானிக்கும் கஷாயமும் தேடுவார். எதிர்ப்பை அடக்க மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையைப் பாதியில் நிறுத்துவார். ‘தன்னெதிர்ப்பு நோய்’ என்பதும் எல்லாவற்றுக்கும் ஒட்டாது. எந்தச் சொந்தப் புரதத்தை எதிர்த்துக் கிளம்புகிறது என்பது ஐஜிஜி4 நோயில் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ‘நோயெதிர்ப்பு மண்டலம் தடம் மாறுவதால் வரும் நோய்’ என்று நீட்டி எழுதுவதே நேர்மை. நீளமாக இருந்தால் குற்றமில்லை.

இந்த நோய்களோடு சேர்த்துப் பேசப்படும் மூட்டு நோய்களுக்கான ‘ருமாட்டிக்’ என்ற சொல் பற்றி விரைவாக. கிரேக்க ‘ரூமா’ ஒழுக்கு, நீரோட்டம். தலையிலிருந்து கெட்ட நீர் ஒழுகி மூட்டில் தங்குவதாகப் பழைய மேலைமருத்துவம் எண்ணியது. நம் மருத்துவமோ அதே வலிக்குக் காற்றைக் காரணமாக்கி ‘வாதம்’ என்றது. முடக்குவாதத்துக்கு ‘சரவாங்கி’ என்ற பெயரும் பெரியவர்கள் வாயில் உண்டு. வாதம் என்று மட்டும் எழுதினால் பக்கவாதமும் இளம்பிள்ளை வாதமும் நினைவுக்கு வந்துவிடும். ‘மூட்டு, இணைப்புத்திசு நோய்கள்’ என்று எழுதுவதே தெளிவு.

இவ்வளவு கறாராகச் சொல் தேட வேண்டியதன் காரணம் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. புதிய மருந்து ஆய்வில் சேருபவருக்கு அவர் புரிந்துகொள்ளும் மொழியில் எல்லாவற்றையும் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும் என்று இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. படிக்கத் தெரியாதவர் என்றால் சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். அந்தச் சாட்சிக்கும் புரியாத தமிழில் படிவம் இருந்தால் விதி காகிதத்தில் மட்டும்தான் நிறைவேறும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்கும், மருந்துப்பொருள் இல்லாத ‘பிளாசிபோ’ என்பதைப் பல படிவங்கள் ‘போலி மருந்து’ என்கின்றன. செய்தித்தாளில் போலி மருந்து என்றால் கள்ளத்தனமாகத் தயாரித்து விற்றது. உங்களுக்குப் போலி மருந்து கொடுக்கப்படலாம் என்று வாசித்தால் எவர் கையெழுத்திடுவார்? சொல்லை முன்பின்னாக மாற்றி ‘மருந்துப்போலி’ என்று எழுதுவது எவ்வளவோ மேல்.

ஐஜிஜி4 நோய்க்கு இனெபிலிசுமாப் என்ற ஊசிமருந்தை 135 பேரிடம் ஆராய்ந்த முடிவுகள் 2024-இல் வெளிவந்தன. 52 வாரங்களில் மருந்து பெற்றவர்களில் 10 விழுக்காட்டினருக்கும், மருந்துப்போலி பெற்றவர்களில் 60 விழுக்காட்டினருக்கும் நோய் மீண்டும் தலைதூக்கியது. 2025 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த நோய்க்கு அதை அனுமதித்தது. அதுவரை ஸ்டீராய்டே முதல் துணை. விரைவாகக் கேட்கும், அளவைக் குறைக்கும்போது பலருக்கு நோய் திரும்பிவிடும், சர்க்கரையும் ஏறும். புதிய ஊசி நாரை நேரடியாகத் தொடுவதில்லை. எதிர்ப்புரதம் சுரக்கும் பி-செல் வரிசையை நீக்கி, நாராக்கும் செல்களைத் தூண்டும் அழற்சியைத் தணிக்கிறது.

நாரேறுவதையே குறிவைக்கும் மருந்துகளுக்கு ‘ஆன்டிஃபைப்ராட்டிக்’ என்று பெயர். இதை ‘நாரேற்றத் தடுப்பு மருந்து’ என்று எழுதலாம். ‘நார்முறிப்பு மருந்து’ என்று எழுதக்கூடாது. நின்டெடானிப் என்ற மருந்து இதற்குச் சான்று. தோலும் நுரையீரலும் இறுகும் முழுவுடல் தோல்தடிப்பு நோயில் 576 பேரிடம் செய்த ஆய்வு 2019-இல் வெளியானது. நுரையீரலின் மூச்சுக்கொள்ளளவு ஆண்டுதோறும் குறையும் வேகத்தை அந்த மருந்து மட்டுப்படுத்தியது. தோலின் இறுக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஏற்கெனவே ஏறிய நாரை அது கரைத்ததாகவும் ஆய்வு சொல்லவில்லை. ‘தடுப்பு’ என்ற சொல் வாக்களிப்பது அவ்வளவுதான், மருந்து செய்ததும் அவ்வளவுதான்.