3க்குக் கோணத்தில் 1 நின்றால்

“பல்பு வைக்கிற புதிர் விளையாட்டில் 3 என்று போட்ட கட்டத்தைச் சுற்றி நாலு இடம் இருக்கிறது, அதில் எந்த மூன்று என்று எப்படிக் கண்டுபிடிப்பது, ஊகித்துத்தான் ஆக வேண்டுமா?” என்று கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருந்தார். ஊகம் தேவையே இல்லை. ஏன் என்று சொல்ல எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அவர் சொல்வது அகாரி. ஜப்பானிய மொழியில் வெளிச்சம் என்று பொருள். சுடோகுவுக்கு அந்தப் பெயரை வைத்த நிகோலி பதிப்பகம்தான் இதையும் கொண்டுவந்தது. சைமன் டேத்தமின் இலவசப் புதிர்த் தொகுப்பில் ‘லைட் அப்’ என்ற பெயரில் இருக்கிறது, கைபேசியிலேயே ஆடலாம். விதிகள் நாலே நாலு. வெள்ளைக் கட்டத்தில் பல்பு வைக்கலாம், அதன் வெளிச்சம் நான்கு பக்கமும் நேராக ஓடிக் கறுப்புக் கட்டத்தில் முட்டி நிற்கும். எல்லா வெள்ளைக் கட்டத்திலும் வெளிச்சம் விழ வேண்டும். ஒரு பல்பின் வெளிச்சம் இன்னொரு பல்பின் மேல் படக்கூடாது. கறுப்புக் கட்டத்தில் எண் இருந்தால், அதை ஒட்டிய நான்கு பக்கங்களில் அத்தனை பல்பு, கூடவும் கூடாது குறையவும் கூடாது.

ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். 36 வெள்ளைக் கட்டம் உள்ள சின்னப் புதிரில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பல்பு உண்டு, இல்லை என இரண்டு நிலை, ஆக 2ஐ 36 தடவை பெருக்க வேண்டும். விடை 6,871 கோடிக்கு மேல். விநாடிக்கு ஒன்று என்று சோதித்தால் 2,100 ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் மதிய இடைவேளையில் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறோம்!

4 என்றால் நாலு பக்கமும் பல்பு, 0 என்றால் எதிலும் இல்லை, ஓரத்துச் சுவரில் ஒட்டிய 3 என்றால் மீதியுள்ள மூன்றிலும் பல்பு. இதெல்லாம் யாருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது வேறு.

ஒரு 3 இருக்கிறது. அதிலிருந்து வலப்பக்கம் ஒரு கட்டம், கீழே ஒரு கட்டம் போனால், அதாவது மூலைவிட்டத்தில், ஒரு 1 நிற்கிறது. இப்போது 3க்கு வலப்பக்கத்துக் கட்டமும் 1க்கு மேல் கட்டமும் ஒன்றுதான், அதேபோல் 3க்குக் கீழே உள்ளதுதான் 1க்கு இடப்பக்கம். ஆக இரண்டு கட்டம் இருவருக்கும் பொது. 3க்குச் சொந்தமாக மிச்சம் இருப்பது மேல் கட்டமும் இடப்பக்கக் கட்டமும், வெறும் இரண்டு, அதை நிரப்பினாலும் ஒன்று குறைகிறது, அதனால் பொதுக் கட்டங்களில் ஒரு பல்பாவது வந்தே தீரும். 1க்கோ ஒன்றுக்கு மேல் ஆகாது. அப்படியானால் பொதுவில் சரியாக ஒன்று, 3க்கு மேல் கட்டத்திலும் இடப்பக்கக் கட்டத்திலும் கட்டாயம் பல்பு, 1க்கு வலப்பக்கமும் கீழேயும் கட்டாயம் காலி. அந்தப் பொதுப் பல்பு எந்தக் கட்டத்தில் என்று நமக்கு இன்னும் தெரியாது, தெரியாமலேயே சுற்றி நாலு கட்டம் முடிவாகிவிட்டது! முதல் தடவை இதைக் கண்டுபிடித்தபோது அந்த இரண்டு காலிக் கட்டங்களிலும் ‘இங்கே பல்பு இல்லை’ என்று புள்ளி வைத்துவிட்டு ஆடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் இன்னொன்று. ஒரே வரிசையில் 1, இரண்டு வெள்ளை, 1, இரண்டு வெள்ளை, 1 என்று நீண்டுகொண்டே போகிறது, மேலும் கீழும் முழுக்கக் கறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வெள்ளை ஜோடியிலும் ஒரே ஒரு பல்புதான் இருக்க முடியும், இரண்டு வைத்தால் ஒன்றன் மேல் ஒன்று வெளிச்சம் படும், ஒன்றும் வைக்காவிட்டால் இருட்டு. முதல் ஜோடியில் பல்பு வலப்பக்கம் இருந்தால் பக்கத்து 1 நிறைந்துவிடுகிறது, அதனால் அடுத்த ஜோடியிலும் பல்பு அந்த 1ஐத் தொடாமல் வலப்பக்கம்தான் போக வேண்டும், அதற்கடுத்ததும் அப்படியே. வரிசையின் முதல் 1ஐ அழித்து 0 போட்டால் போதும், இருபதாவது ஜோடி வரை எல்லாம் வலப்பக்கம். இங்கே தட்டினால் அங்கே சேதி போகிறது. இது மின்கம்பியேதான்!

பிராண்டன் மெக்ஃபெயில் என்பவர் 2005இல் இந்த மாதிரிக் கம்பிகளையும், கணினிக்குள் ‘ஆம், இல்லை’ என்று முடிவு சொல்லும் சின்னச் சுற்றுகளான லாஜிக் கேட்டுகளையும் அகாரிக் கட்டங்களாலேயே கட்ட முடியும் என்று காட்டி, அகாரி ‘என்பி-முழுமை’ வகையைச் சேர்ந்தது என்று நிரூபித்தார். அதாவது விடையைக் கொடுத்தால் சரியா என்று சட்டென்று பார்த்துவிடலாம், ஆனால் எவ்வளவு பெரிய அகாரியையும் வேகமாகத் தீர்க்கும் பொதுவழி இதுவரை யாரிடமும் இல்லை. அப்படி ஒரு வழியை யாராவது நிரூபித்துவிட்டால், கிளே கணித நிறுவனம் 2000இல் அறிவித்த பத்து லட்சம் டாலர் பரிசுக் கணக்குகளில் ஒன்று தீர்ந்ததாகிவிடும்.

விளையாட்டை ஆராய எதற்குப் பணம் என்று கேட்பவர்களோடு எனக்குக் கோபமே வரும். பஸ் கால அட்டவணையும் சிப் வடிவமைப்பும் இதே வகைக் கணக்கில்தான் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. நம் கல்லூரிகளில் இப்படிப்பட்ட கேள்விக்கு ஒரு மாணவருக்கு இரண்டு வருட உதவித்தொகை கொடுத்தால் கெட்டுப்போக ஒன்றுமில்லை.

சரி, அந்த மாணவியின் 3க்கு வருவோம். பக்கத்தில் 1 எதுவும் இல்லையென்றால், 3க்கு மூலைவிட்டத்தில் உள்ள நான்கு வெள்ளைக் கட்டங்களைப் பாருங்கள். அங்கே ஒரு பல்பு வைத்தால் அதன் வெளிச்சம் 3ஐ ஒட்டிய இரண்டு கட்டங்களில் விழும், அந்த இரண்டிலும் பல்பு வைக்க முடியாமல் போகும், மிச்சம் இரண்டு இடம்தான், 3 எப்படி வரும்? அதனால் அந்த நான்கு மூலையிலும் இப்போதே புள்ளி வைத்துவிடலாம், அடுத்த அடி பெரும்பாலும் அந்தப் புள்ளிகளில் ஒன்றின் பக்கத்தில்தான் கிடைக்கும்.