நோட்டீஸ் எல்லாம் ஏன் படமா வருது?

பத்து வருஷத்துக்கு மேல வெப்சைட் டெம்ப்ளேட், அதாவது விவரத்த மட்டும் நிரப்பினா பேஜ் ரெடியாகற அச்சு, பண்ற வேலைல இருக்கேன். கொஞ்ச வருஷம் முன்னாடி ஒரு காலேஜுக்கு சைட் செஞ்சு குடுத்தோம், காட்டினப்ப எல்லாருக்கும் புடிச்சுது, மூணு மாசம் கழிச்சு போய் பாத்தா ஃபீஸ் விவரம், எக்ஸாம் தேதி, ஹாஸ்டல் அறிவிப்பு எல்லாமே படமா ஏத்தி வச்சிருக்காங்க. உள்ள இருக்கற எழுத்து சைட் தேடல்ல சிக்காது, போன்ல விரல வச்சு இழுத்து இழுத்துதான் படிக்கணும், பார்வை இல்லாத பசங்களுக்கு எழுத்த சத்தமா வாசிச்சு காட்டற ஸ்கிரீன் ரீடர் வெறும் ஃபைல் பேர வாசிச்சுட்டு நின்னுடும். ஃபீஸ் கட்ட கடைசி தேதி எதுன்னு அவங்க யார்கிட்ட போய் கேப்பாங்க?

ஆபீஸ்ல எடிட் பண்ற அக்கா பக்கத்துல போய் உக்காந்தேன். "தம்பி, போட்டோ போடலேன்னா பப்ளிஷே ஆக மாட்டேங்குது, டேபிள் போட எடமும் இல்ல, அதான் வேர்டுல அடிச்சு போட்டோ புடிச்சு ஏத்திட்டேன்"னாங்க. ஃபீஸ் நோட்டீஸுக்கு என்ன போட்டோ போடுவாங்க? தப்பு முழுக்க நான் செஞ்ச டெம்ப்ளேட்லதான்.

அதுக்காக எல்லாத்தயும் தொறந்து விட்டாலும் சரிவராது, இன்னொரு சைட்ல கலர், ஃபான்ட் எல்லாம் எடிட்டர் கைல குடுத்து பேஜுக்கு ஒரு கலர் ஆயிடுச்சு. சைட் நடத்த உதவற வேர்ட்பிரஸ் சாஃப்ட்வேர்ல, 2018 டிசம்பர்ல 5.0 வெர்ஷனோட பிளாக் எடிட்டர் வந்துச்சு (பத்தி, படம், டேபிள்னு தனித்தனி துண்டா அடுக்கறது), 2020ல 5.5 வெர்ஷன்ல பேட்டர்ன் வந்துச்சு (அந்த துண்டுகள முன்கூட்டியே அடுக்கி வச்ச செட்), அதுக்கப்புறம் நடுவழி ஈஸியாயிடுச்சு. இப்ப நான் 'நோட்டீஸ்'னு ஒரு பேட்டர்ன் செஞ்சு வச்சிடறேன், தலைப்பு, தேதி, டேபிள், பிடிஎஃப் லிங்க், வேண்டாதத எடுத்துடலாம், வரிசைய மாத்தலாம், போட்டோ இருந்தா போடலாம். கலரும் ஃபான்ட்டும் மட்டும், சைட்டோட தோற்றத்த முடிவு பண்ற தீம்லயே பூட்டிடுவேன்.

இன்னொண்ணு, தமிழ் சைட்டுக்கு இங்கிலீஷ் டம்மி டெக்ஸ்ட் (எடத்த நிரப்ப சும்மா போடற எழுத்து) வச்சு டிசைன் பண்ணாதீங்க, ப்ளீஸ். 'அப்ளை நவ்' அழகா உக்காந்த கார்டுல, அதாவது பேஜ்ல இருக்கற சின்ன கட்டத்துல, 'விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன' வந்தா என்ன ஆகும்? 'வரவேற்கப்படுகின்றன' ஒரே வார்த்தை, 12 எழுத்து, நடுவுல ஸ்பேஸே கெடையாது, சின்ன போன்ல கார்ட தாண்டி வெளிய போயிடும். உயரத்த ஃபிக்ஸ் பண்ணாம மின்-ஹைட் (கொறஞ்சபட்ச உயரம்) குடுங்க, நீள வார்த்தைய ஒடச்சு அடுத்த வரிக்கு தள்ற ஓவர்ஃப்ளோ-ராப் போடுங்க. லைன்-ஹைட்டும் (ஒரு வரியோட உயரம், எழுத்து சைஸுக்கு எத்தன மடங்குன்னு) இங்கிலீஷுக்கு வச்ச 1.2 தமிழுக்கு பத்தாது, மேல 'கீ'யோட சுழியும் கீழ 'மூ'வோட வாலும் இடிச்சுக்கும், நான் 1.6க்கு கொறைக்கறதே இல்ல.

இப்பல்லாம் சைட்ட ஒப்படைக்கறதுக்கு முன்னாடி, போன மாசம் வந்த நிஜ நோட்டீஸ் அஞ்ச எடிட்டர் கைல குடுத்து ஏத்த சொல்லிட்டு பக்கத்துல வாய தொறக்காம உக்காந்துடுவேன். அவங்க கை எங்க நிக்குதோ அங்க டெம்ப்ளேட்ல வேலை பாக்கி இருக்கு. அந்த அக்காவ அப்படி உக்கார வச்சப்ப, அஞ்சாவது நோட்டீஸ்ல நிறுத்தி, "தேதி தாண்டினா இது தானா கீழ போயிடுமா தம்பி?"ன்னு கேட்டாங்க. எனக்கு தோணவே இல்ல. அன்னிக்கே 'கடைசி தேதி'ன்னு ஒரு ஃபீல்டு சேத்தேன், இப்ப நான் செய்ற எல்லா சைட்லயும் அது இருக்கு.