போர்க்களத்தைக் காடாக்கச் சொல்லாதீர்கள்

போன சனிக்கிழமை மறுபடியும் அதே கேள்வி. பென்சில்வேனியாவில், அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த கெட்டிஸ்பர்க் போர்க்களம். வேலியோரம் தானாக முளைத்து வளர்ந்திருந்த மரங்களை எங்கள் குழு அறுத்துக்கொண்டிருந்தது. நியூ ஜெர்சியிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு அண்ணன், என் சட்டையில் தைத்திருந்த பெயரைப் படித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். "தம்பி, நீங்க தமிழா? பார்க்குக்குள்ளேயே இப்படி மரத்தை வெட்டுறீங்களே, கேக்க ஆளே இல்லையா?"

நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் அவர் படம் எடுத்து முடித்துவிட்டார். அன்று இரவு அந்தப் படம் இரண்டு வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி எனக்கே வந்து சேர்ந்தது. கீழே 'அமெரிக்காவிலும் காடழிப்பு' என்று எழுதியிருந்தது.

அவருடைய மகனுக்குப் பத்து வயது இருக்கும். அப்பா என்னிடம் பேசிக்கொண்டிருந்தபோது, கால்சட்டைப் பையிலிருந்து வெளுத்துப்போன ஓர் ஈயத் தோட்டாவை எடுத்து ஆசையாக என்னிடம் நீட்டினான். "எங்கேப்பா எடுத்த?" என்று கேட்டேன். "அங்க" என்று கையை வீசி ஒரு சரிவு முழுவதையும் காட்டினான்.

அண்ணனுக்கு மரம் வெட்டியதில்தான் கோபம். தோட்டா அவருக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வராமல் செய்தது அந்தத் தோட்டாதான். பன்னிரண்டு வருடமாகப் பென்சில்வேனியா, மேரிலாந்து, வர்ஜீனியா போர்க்களங்களில் செடிகொடி பராமரிப்பு வேலை பார்க்கிறேன். நம் ஆட்களிடம் இந்த இரண்டையும் எத்தனை முறை விளக்கியிருப்பேன் என்று கணக்கில்லை. இனி கேட்பவர்களுக்கு அனுப்புவதற்காகவாவது எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் 'பார்க்' என்கிற சொல்லை மறந்துவிடுங்கள். அதைக் கேட்டதும் நிழல், பெஞ்சு, பூச்செடி என்று மனம் போய்விடுகிறது. நம்மிடம் அதைவிட நல்ல சொல் இருக்கிறது. களம். நெல்லடிக்கிற இடமும் களம், போர் நடந்த இடமும் களம். பழம்பாடல்களில் போர்க்களத்தை நெற்களத்தோடு ஒப்பிட்டுப் பாடியிருக்கிறார்கள். களம் என்றாலே வெட்டவெளி. நெற்களத்தில் முள்செடி முளைத்தால் பிடுங்கத்தானே செய்வோம்? அதைக் காடழிப்பு என்று யாரும் சொல்வதில்லை.

1863 ஜூலை 1 முதல் 3 வரை கெட்டிஸ்பர்க்கில் வட மாநிலப் படைக்கும் தென் மாநிலப் படைக்கும் சண்டை நடந்தபோது, அது சுமார் 2,400 பேர் வாழ்ந்த சிறிய ஊர். சுற்றிலும் கோதுமை வயல், மேய்ச்சல் நிலம், பீச், ஆப்பிள் தோட்டம். ஒவ்வொரு பண்ணைக்கும் விறகுக்கும் வேலிக்கழிக்குமாக ஒரு சின்ன மரத்தோப்பு இருக்கும். அதற்குள்ளும் மாடு மேயும், அதனால் அடியில் புதர் மண்டாது. லிட்டில் ரவுண்ட் டாப் குன்றின் மேற்குச் சரிவில் இருந்த மரங்களைப் போருக்கு முந்தைய இலையுதிர் காலத்தில்தான் வெட்டியிருந்தார்கள். இரண்டாம் நாள் மதியம், வட படையின் தலைமைப் பொறியாளர் வாரன் அந்தக் குன்றில் ஏறிப் பார்த்து, தெற்கத்தியப் படை வரப்போகிறது என்று உணர்ந்து ஆள் அனுப்பச் சொன்னார். அங்கே மரம் அடர்ந்திருந்தால் அவர் எதைப் பார்த்திருப்பார்? மூன்றாம் நாள் தெற்கத்தியப் படையின் சுமார் 12,500 பேர் ஏறத்தாழ ஒரு மைல் தூரம் வெட்டவெளியில் நடந்து வந்தார்கள். வழியில் எம்மிட்ஸ்பர்க் சாலையின் இரண்டு பக்கமும் இருந்த மரவேலிகளை ஏறித் தாண்ட வேண்டியிருந்தது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் செத்தார்கள், காயம்பட்டார்கள் அல்லது பிடிபட்டார்கள். அந்த மைல் தூரத்தில் புதர்க்காடு வளர்ந்து நின்றால், ஏன் அத்தனை பேர் விழுந்தார்கள் என்பது உங்கள் பையனுக்கு எப்படிப் புரியும்? மேடு எங்கே, பள்ளம் எங்கே, எங்கிருந்து பீரங்கி பார்த்தது என்பதுதான் அங்கே படிக்க வேண்டிய பாடம்.

இந்த நிலத்தின் மதிப்பு அமெரிக்காவுக்கே எளிதில் புரிந்துவிடவில்லை. 1893இல் ஒரு டிராம் கம்பெனி, கெட்டிஸ்பர்க் களத்தில் டெவில்ஸ் டென் என்கிற பாறைக்குவியல் பக்கம் பாறையை வெடிவைத்துத் தகர்த்துத் தண்டவாளம் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. போர்க்களத்தைக் காப்பதற்காக அரசு நிலத்தைக் கையகப்படுத்தலாம் என்று 1896இல் தீர்ப்பு வந்தது. இடைப்பட்ட 1895இல் அது தேசிய ராணுவப் பூங்காவாகவும் ஆனது.

சரி, மரத்துக்கு வருவோம். விவசாயம் நின்ற நிலம் சும்மா கிடக்காது. வேலியோரத்தில் பறவை எச்சம் விழும், விதை முளைக்கும், முப்பது நாற்பது வருடத்தில் காடு மாதிரி தெரியும். இதைத்தான் எல்லோரும் 'ஆதிகாலத்துக் காடு' என்று நினைத்துக்கொள்கிறார்கள். எதற்கு வெட்டுகிறோம் என்று கேட்கிறவர்களில் யாருமே 'எந்த மரம்?' என்று கேட்பதில்லை. எனக்கு அதுதான் ஆற்றாமை. அன்று நாங்கள் அறுத்ததில் பாதி அய்லாந்தஸ், சீனாவிலிருந்து வந்த மரம். நம் ஊர்ப் பீநாறி மரம், தீக்குச்சிக்கு வெட்டுவார்களே, அதனுடைய ஒன்றுவிட்ட தம்பி. இதை வெறுமனே வெட்டினால் வேரிலிருந்து பத்து கன்று கிளம்பும். அதனால் கோடைக் கடைசியில் களைக்கொல்லி மருந்து வைத்து, வேர்வரை இறங்கும்வரை பொறுத்திருந்து, அப்புறம்தான் வெட்டுவோம். அடிமரத்தைப் பிடுங்க மாட்டோம், தரையோடு தரையாக அறுத்துவிட்டு விடுவோம். வேரைப் பிடுங்கினால் மண் புரளும், மண் புரண்டால் அதற்குள் இருப்பது இடம் மாறிவிடும். கனமான வண்டியை மண் காய்ந்த நாளிலோ குளிரில் உறைந்த நாளிலோதான் உள்ளே விடுவோம். காட்டை அழிக்கிறவன் இத்தனை பார்ப்பானா?

கெட்டிஸ்பர்க்கின் 1999ஆம் ஆண்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1863இல் இல்லாத 576 ஏக்கர் மரங்களை அகற்றுவது. எல்லோருக்கும் தெரிந்தது, எல்லோரும் திட்டியது இந்த ஒன்றைத்தான். அதே திட்டத்தில், அன்று இருந்து பிறகு மறைந்துபோன மரத்தோப்புகளை 115 ஏக்கரில் மறுபடி வளர்ப்பது, 160 ஏக்கரில் பழத்தோட்டம் வைப்பது, 39 மைல் வேலி போடுவது எல்லாம் இருந்தன. மேரிலாந்தின் ஆன்டீட்டம் களத்தில், 1862 செப்டம்பர் 17 அன்று ஒரே நாளில் சுமார் 23,000 பேர் அடிபட்டும் செத்தும் காணாமலும் போன இடத்தில், அழிந்துபோன மேற்குத் தோப்பில் தன்னார்வலர்கள் கன்று நட்டிருக்கிறார்கள். நடுகிற படத்தை யாரும் ஃபார்வேர்ட் செய்வதில்லை.

போரைப் பார்த்த மரங்களைச் சாட்சி மரங்கள் என்கிறோம். அவற்றுக்குக் கிடைக்கிற கவனிப்பு தனி. செத்த பிறகும் அவை சாட்சிதான். 2011இல் கெட்டிஸ்பர்க்கின் கல்ப்ஸ் ஹில் குன்றில் சாய்ந்துபோன ஓர் ஓக் மரத்தை அறுத்தபோது உள்ளே தோட்டாக்கள் இருந்தன.

மண் அரண்கள் இருக்கிற களங்களில் கணக்கு இன்னும் நுட்பமானது. வர்ஜீனியாவில் பீட்டர்ஸ்பர்க், ஸ்பாட்சில்வேனியா பக்கம் வீரர்கள் அவசரமாகத் தோண்டிக் குவித்த மண்மேடுகள் 160 வருடம் கழித்தும் நிற்கின்றன. மரநிழலும் உதிர்ந்த இலையும் மழை அரிக்காமல் அவற்றைக் காக்கும், உண்மை. ஆனால் மேட்டின் முதுகிலேயே வளர்ந்த பெரிய மரம் காற்றில் சாய்ந்தால், வேரோடு நான்கடி மண்ணையும் பெயர்த்துக்கொண்டு விழும். அந்த இடத்தில் அரண் முடிந்தது, திரும்பக் கட்ட முடியாது. கட்டினால் அது நாம் கட்டியதாகிவிடும். அதனால் எந்த மரத்தை விடுவது, எதைச் சாய்வதற்கு முன்பே எடுப்பது என்று ஒவ்வொன்றாக நடந்து பார்த்து முடிவு செய்கிறோம்.

"அப்போ மானை ஏன் சுடுறாங்க?" என்பது அடுத்த கேள்வி. கெட்டிஸ்பர்க்கில் 1995 முதல் மான் எண்ணிக்கையைச் சுட்டுக் குறைக்கிறார்கள். மான் பெருகினால் மரத்தோப்பில் ஒரு கன்றுகூட இடுப்பளவு உயராது. பெரிய மரங்கள் வயதாகிச் சாகும்போது அந்த இடத்தைப் பிடிக்க இளமரம் இருக்காது, தோப்பே போய்விடும். காட்டைக் காப்பாற்றத்தான் மானைக் குறைப்பது. இறைச்சி உணவு வங்கிகளுக்குப் போகிறது. மனசுக்குக் கஷ்டமான வேலைதான், செய்கிறவர்களுக்கும்.

மரம் போன வெளியில் 'ஒன்றுமில்லை' என்றும் சொல்லாதீர்கள். உயரமான புல்லில் தரையோடு கூடு கட்டுகிற பாபலிங்க், மெடோலார்க் மாதிரிப் பறவைகளுக்கு அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. அதனால்தான் குஞ்சு பறந்து போகும்வரை சில வயல்களில் புல் வெட்டாமல் விட்டிருப்போம். 'புல்லைக்கூட வெட்டாத சோம்பேறிகள்' என்று அதற்கும் ஒரு படம் சுற்றியது.

இனி அந்தத் தோட்டா. பையன்மேல் எனக்குக் கோபமே இல்லை, அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு தோட்டா ஈயம்தானே, கடையில்கூட விற்கிறானே என்பார்கள். கிடந்த இடத்தில் இருக்கிறவரை அது வரி பிறழாத எழுத்து. எடுத்துவிட்டால் வெறும் ஈயம்.

கஸ்டர் தலைமையிலான அமெரிக்கக் குதிரைப்படையும் பழங்குடி வீரர்களும் மோதிய, மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் களத்தில் 1983இல் தீப்பிடித்துப் புல் முழுக்க எரிந்தது. தரை தெரிந்ததும் தொல்லியலாளர்கள் தன்னார்வலர்களோடு வரிசையாக நடந்து, மெட்டல் டிடெக்டர் ஒலித்த ஒவ்வொரு இடத்திலும் கொடி நட்டு, அளந்து, வரைபடத்தில் குறித்தார்கள். துப்பாக்கியின் ஊசி ஒவ்வொரு வெற்றுத் தோட்டாக்கூட்டிலும் தன் தடத்தைப் பதிக்கும். அதை வைத்து, ஒரே துப்பாக்கி 1876 ஜூனில் களத்தின் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு நகர்ந்தது என்று தொடர்ந்து போக முடிந்தது. கஸ்டரின் படைக்கு எதிரே நின்ற பழங்குடி வீரர்களிடம் தொடர்ந்து சுடும் ரைஃபிள்கள் எவ்வளவு இருந்தன என்பதும் அதில் தெரிந்தது. அவர்கள் தரப்புக் கதையை எழுதிவைத்தவர்கள் குறைவு, மண் எழுதி வைத்திருந்தது. யாராவது ஒருவர் நூறு கூடுகளைப் பொறுக்கிப் போயிருந்தால் நூறு வரி போயிருக்கும். பையன் அன்று தோட்டாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டான், நல்ல பிள்ளை. ஆனால் அதைத் திரும்ப எங்கே வைப்பது என்று எனக்கோ பூங்காக் காவலரான ரேஞ்சருக்கோ தெரியாது.

சட்டமும் கடுமையானது. தேசியப் பூங்காவுக்குள் மெட்டல் டிடெக்டரைக் கையில் வைத்திருப்பதே குற்றம். பழம்பொருளைத் தோண்டி எடுத்தால் 1979ஆம் ஆண்டுத் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டப்படி முதல் தடவையே சிறையும் பல ஆயிரம் டாலர் அபராதமும் வரலாம். விசாவில் இருக்கிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். இன்னொன்று: எல்லாமே செத்த இரும்பு அல்ல. 2023 பிப்ரவரியில் லிட்டில் ரவுண்ட் டாப் சீரமைப்பின்போது வெடிக்காத பீரங்கிக் குண்டு ஒன்று கிடைத்து, ராணுவம் வந்து அப்புறப்படுத்தியது.

அந்தக் குன்றை ஏன் 2022 ஜூலையிலிருந்து 2024 ஜூன் வரை மூடி வைத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா? கால்கள்தான் காரணம். பாதையை விட்டு இறங்கிக் குறுக்கே நடந்த கால்கள். புல் செத்து, மண் இறுகி, மழைக்கு அரித்துக்கொண்டு போனது. தயவுசெய்து பாதையிலேயே நடங்கள். குறுக்கு வழியில் மிச்சமாகிற இரண்டு நிமிடத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?

பீரங்கிமேல் பிள்ளைகளை உட்காரவைத்துப் படம் எடுக்காதீர்கள். நினைவுக்கல்மேல் ஏறாதீர்கள். பல கற்களை அங்கே சண்டையிட்டுப் பிழைத்தவர்களே பணம் சேர்த்து, தாங்கள் நின்ற இடத்தைத் தேடி நட்டார்கள். நம் ஊர் நடுகல்லில் கால் வைப்போமா? எழுத்து தெரியவில்லை என்று கல்லைச் சுரண்டவும் வேண்டாம், கல்லில் பாசி மாதிரிப் படர்ந்திருக்கிற லைக்கனோடு கல்லின் தோலும் போய்விடும். ட்ரோனை வீட்டில் வையுங்கள். விறகை வேறு ஊரிலிருந்து கொண்டுவராதீர்கள், ஆஷ் மரங்களைக் கொன்ற வண்டு அப்படித்தான் ஊர் ஊராகப் போனது. செப்டம்பருக்கு மேல் வந்தால் கிளம்பும் முன் காரின் அடியில் ஒரு தடவை பாருங்கள். புள்ளிச் சிறகுள்ள லான்டர்ன்ஃப்ளை பூச்சி, சேறு அப்பினாற்போல முட்டை வைத்திருக்கும், சுரண்டி எடுத்துவிடுங்கள். உயரமான புல் பக்கம் போனால் இரவு பிள்ளைகளின் முட்டிக்குப் பின்னால், காதுக்குப் பின்னால் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

எதையாவது கண்டால்? தொடாதீர்கள். கிடந்தபடியே படம் எடுங்கள், பக்கத்தில் என்ன கல், என்ன பலகை என்று பார்த்துக்கொள்ளுங்கள், ரேஞ்சரிடம் சொல்லுங்கள். அவ்வளவுதான் வேலை.

1996 மார்ச்சில் கெட்டிஸ்பர்க்கில், ரயில்பாதைக்காக மேட்டை வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில், மழை அரித்த மண்ணில் எலும்பு நீட்டிக்கொண்டிருப்பதை ஒரு பார்வையாளர் பார்த்தார். தோண்டவில்லை, எடுக்கவில்லை, பூங்காவிடம் சொன்னார். முறையாக அகழ்ந்து பார்த்தபோது அது 1863இல் விழுந்த ஒரு வீரர். எந்தப் பக்கத்துப் படை என்று கடைசிவரை தெரியவில்லை. 1997 ஜூலை 1 அன்று, அவர் விழுந்த போரின் 134ஆம் ஆண்டு நாளில், அங்கேயே தேசியக் கல்லறையில் அவரை அடக்கம் செய்தார்கள்.