தோற்கும் கிளைக்கு ஆடிட்டர் போவார், ஜெயிக்கும் கிளைக்கு?

2011-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் அணி ஆடிய 162 ஆட்டங்களில் ஜெயித்தது 56, தோற்றது 106. 2022-இல் ஜெயித்தது 106, தோற்றது 56. அந்த வருடம் அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியன் பட்டமான உலகத் தொடர் கோப்பையும் அவர்களுக்கே. நஷ்டத்தில் ஓடும் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்துவது எப்படி என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஆசையோடு எடுத்துக் காட்டுவார்கள். என் தொழில் உள்தணிக்கை. எனக்கு இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் நடந்ததுதான் முக்கியம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மை. 2011 கடைசியில் ஜிம் கிரேன் அணியை வாங்கி, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியிலிருந்து ஜெஃப் லூனோவைப் பொது மேலாளராகக் கொண்டுவந்தார். லூனோ, நாசாவில் வேலை பார்த்திருந்த சிக் மேஜ்டல் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு வீரரையும் எண்களால் எடைபோட்டார். சம்பளம் அதிகமுள்ளவர்களை விற்று இளைஞர்களை வாங்கினார். 2012-இல் 107 தோல்வி, 2013-இல் 111. அந்த செப்டம்பரில் ஒரு ஆட்டத்துக்கு ஹூஸ்டனில் டிவி ரேட்டிங் 0.0 என்று வந்தது. அப்போதெல்லாம் அமெரிக்க பேஸ்பாலில் கடைசி இடத்தில் இருக்கும் அணிக்குத்தான் அடுத்த வருடப் புது வீரர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது. 2012, 2013, 2014 மூன்று வருடமும் அது இவர்களுக்கே கிடைத்தது. கார்லோஸ் கொரேயா அப்படி வந்தவர். 2014-இல் தேர்ந்தெடுத்தவரோடு ஒப்பந்தம் முடியாமல் போனதால், அதற்கு ஈடாக 2015-இல் கிடைத்த இரண்டாவது இடத்தில் அலெக்ஸ் பிரெக்மனை எடுத்தார்கள்.

ஆனால் ஹோசே ஆல்டுவே, ஜார்ஜ் ஸ்பிரிங்கர், டல்லஸ் கைக்கல் மூவரும் பழைய நிர்வாகம் சேர்த்து வைத்துவிட்டுப் போனவர்கள். ஆல்டுவேயை வெனிசுவேலாவில் வெறும் 15,000 டாலருக்கு எடுத்திருந்தார்கள். பழைய ஆள் விதைத்ததும் புது மேனேஜர் கணக்கில் சேர்வது எல்லா ஆபீஸிலும் நடக்கிறது. மேனேஜரை மதிப்பிடும்போது இதைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

2015-இல் அணி பிளேஆஃப் ஆடியது. 2017-இல் 101 ஆட்டங்கள் ஜெயித்து, அணியின் வரலாற்றில் முதல் உலகத் தொடரை வென்றது. ஆகஸ்டில் ஹார்வி புயலில் மூழ்கி எழுந்த ஊர் அது. அந்த வெற்றி ஹூஸ்டன் மக்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதே 2017-இல்தான் குப்பைத்தொட்டி வந்தது.

அப்போதெல்லாம் பேஸ்பாலில் கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) விரல்களால் சைகை காட்டுவார், அடுத்த பந்து வேகமா, வளைவா என்று பந்து வீசும் பிட்சருக்குச் சொல்ல. எதிரில் நிற்கும் பேட்டருக்கு அது முன்கூட்டியே தெரிந்தால், பௌலர் கையை விட்டுப் பந்து கிளம்பும் முன்பே அது கூக்ளி என்று தெரிந்த பேட்ஸ்மேன் மாதிரி. களத்தில் நிற்கும் வீரர் வெறுங்கண்ணால் சைகையைப் படித்தால் குற்றமில்லை. மின்னணுக் கருவி வைத்துப் படித்தால் குற்றம். ஆஸ்ட்ரோஸ் தங்கள் மைதானத்தில் சென்டர்ஃபீல்ட் கேமராவின் (எதிர்க்கோடியிலிருந்து கேட்சரை நேராகப் பார்க்கும் கேமரா) படத்தை, டக்அவுட்டுக்குப் பின்னால் உள்ள நடைவழியில் ஒரு மானிட்டரில் ஓடவிட்டார்கள். சைகையைப் பார்த்த ஆள் பக்கத்துக் குப்பைத்தொட்டியை மட்டையால் தட்டுவார். தட்டினால் வளைவுப் பந்தோ மெதுவான பந்தோ வருகிறது. சத்தமில்லை என்றால் வேகப்பந்து. செப்டம்பரில் சிகாகோ வைட் சாக்ஸ் பிட்சர் டேனி ஃபார்க்கர் அந்தச் சத்தத்தைக் கவனித்துக் கேட்சரை அழைத்து சைகையை மாற்றினார். பதறிப்போன ஆஸ்ட்ரோஸ் ஆட்கள் மானிட்டரைக் கழற்றி ஒளித்து வைத்தார்கள். பிறகு நிறுத்தினார்களா? எடுத்துப்போக வசதியான வேறு மானிட்டரை மேஜைமேல் வைத்துத் தொடர்ந்தார்கள்.

இரண்டு விஷயங்கள் ஆடிட்டர் கண்ணில் உடனே படும். ஒன்று, சர்க்குலர். 2017 செப்டம்பரில் பேஸ்பால் லீகின் தலைவரான கமிஷனர் ராப் மேன்ஃப்ரெட் எல்லா அணிகளுக்கும் மின்னணுக் கருவியால் சைகை திருடுவது பற்றி எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார். லூனோ அதை வீரர்களுக்கோ களத்தில் இருப்பவர்களுக்கோ அனுப்பவில்லை, விதியைக் கடைப்பிடிக்கிறார்களா என்று கேட்கவும் இல்லை என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. தலைமை அலுவலக சர்க்குலர் மேனேஜரின் இன்பாக்ஸில் நின்றுபோவதை நான் பார்க்காத ஆடிட் குறைவு. அது கீழே போய்ச் சேர்ந்ததா, யார் படித்துக் கையெழுத்திட்டார்கள் என்று கேளுங்கள். பல இடங்களில் பதில் வராது.

இன்னொன்று, களப் பயிற்சியாளர் ஏ.ஜே. ஹின்ச். அவருக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. இரண்டு முறை அந்த மானிட்டரை உடைத்தார். இரண்டு முறையும் புது மானிட்டர் வந்தது. நிறுத்துங்கள் என்று மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

என் அனுபவத்தில் மோசடி செய்கிறவர்களைவிட ஹின்ச்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். ஒரு விநியோக நிறுவனத்தின் கிளை. வருடக்கணக்கில் டார்கெட்டைத் தொடாத கிளை, புது மேனேஜர் வந்ததும் மாநிலத்தில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. உழைப்பு நிஜம்தான், புது டீலர்களைப் பிடித்திருந்தார்கள், பழைய பாக்கியை வசூலித்திருந்தார்கள். ஆனால் மார்ச் கடைசி நாட்களில் போட்ட இன்வாய்ஸ்களை கேட் ரிஜிஸ்டரோடு வைத்துப் பார்த்தால், பலவற்றுக்கு வண்டி வெளியே போன பதிவே இல்லை. ஏப்ரல் நடுவில் அதே டீலர்கள் பெயரில் சேல்ஸ் ரிட்டர்ன். சரக்கு குடோனை விட்டு நகரவே இல்லை. குடோன் பொறுப்பாளருக்கு எல்லாம் தெரியும். அவருக்கு அது பிடிக்கவும் இல்லை. என்ன செய்தார் என்றால், மார்ச் 31 வந்தால் லீவு போட்டுவிடுவார். “நான் அதில் இல்லை மேடம், அன்னிக்கு லீவு” என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த லீவால் ஒரு இன்வாய்ஸ்கூட நிற்கவில்லை.

இப்போது எனக்கு மிகவும் வருத்தம் தரும் எண்கள். 2017 வழக்கமான சீசனில் ஆஸ்ட்ரோஸ் சொந்த மைதானத்தில் ஜெயித்தது 48, வெளியூர்களில் 53. கேமராவும் தொட்டியும் இல்லாத இடத்தில்தான் அதிகம் ஜெயித்திருக்கிறார்கள்! சரி, திருட்டால் பலனே இல்லை என்று முடித்துவிடலாமா? பிளேஆஃபில் சொந்த மைதானத்தில் எட்டு வெற்றி, ஒரு தோல்வி. வெளியூரில் மூன்று வெற்றி, ஆறு தோல்வி. ஆக அந்தக் கோப்பையில் எவ்வளவு உழைப்பு, எவ்வளவு தொட்டி என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆல்டுவே அந்த வருடம் லீகின் மிகச் சிறந்த வீரர். தொட்டித் திட்டத்தில் அவர் பங்கு மிகக் குறைவு என்று உடன் ஆடியவர்களே சொன்னார்கள். ஆனாலும் ஊர் ஊராகக் கூச்சலிட்டு விரட்டப்பட்டவர்களில் முதல் ஆள் அவர். கிளையில் நேர்மையாக விற்ற பையனின் இன்சென்டிவும் இப்படித்தான் சந்தேகத்தில் சேர்ந்து நிறுத்தப்படும்.

விஷயம் எப்படி வெளியே வந்தது? அணியின் எந்தக் கண்காணிப்பும் கண்டுபிடிக்கவில்லை. 2017 அணியில் இருந்து பிறகு வேறு அணிக்குப் போன மைக் ஃபயர்ஸ், 2019 நவம்பரில் பத்திரிகையிடம் பெயர் சொல்லிப் பேசினார். 68 பேரை விசாரித்து 2020 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: 50 லட்சம் டாலர் அபராதம், இரண்டு வருடத்துக்கு முதலிரண்டு சுற்றுத் தேர்வு உரிமை பறிப்பு, லூனோவுக்கும் ஹின்ச்சுக்கும் ஒரு வருடத் தடை. அன்றே இருவரையும் கிரேன் வேலையிலிருந்து நீக்கினார். வாக்குமூலத்துக்காகப் பாதுகாப்பு கொடுக்கப்பட்டதால் வீரர்களுக்குத் தண்டனை இல்லை. பலனை மட்டும் பார்த்து மற்றதைப் பார்க்காத, வெளிக்காற்று நுழையாத ஒரு அலுவலகச் சூழலையும் மேன்ஃப்ரெட் அறிக்கையில் குறை கூறினார். என்னைக் கேட்டால் அறிக்கையில் முக்கியமான பகுதி அதுதான்.

இத்தனைக்கும் இவர்கள் திருட்டுக்கு ஆளானவர்களும்கூட. லூனோவோடு கார்டினல்ஸிலிருந்து வந்த ஒருவர் பழைய லேப்டாப்பை ஒப்படைக்கும்போது பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டு வந்தார். புது இடத்திலும் கிட்டத்தட்ட அதே பாஸ்வேர்ட். கார்டினல்ஸ் அதிகாரி கிறிஸ் கொரேயா அதைச் சற்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, ஆஸ்ட்ரோஸின் ‘கிரவுண்ட் கன்ட்ரோல்’ தரவுத்தளத்துக்குள் நுழைந்தார். 2016-இல் அவருக்கு 46 மாதச் சிறை. வேலை மாறுகிறவர்கள் தயவுசெய்து பாஸ்வேர்டை முழுவதுமாக மாற்றுங்கள்.

இந்த அணியின் மைதானத்துக்கு 2000-இல் திறந்தபோது வைத்த பெயர் என்ரான் ஃபீல்ட். என்ரான் கணக்கு மோசடியில் விழுந்த பிறகு, 2002-இல் பணம் கொடுத்துப் பெயர் உரிமையைத் திரும்ப வாங்கிப் பலகையை அகற்றினார்கள். அந்த நிறுவனத்தையும் உள்ளிருந்த ஷெரன் வாட்கின்ஸ் முன்பே எச்சரித்திருந்தார், தலைவருக்கு எழுத்தில்.

உங்கள் கிளை, உங்கள் பிரிவு திடீரென்று ஜெயிக்க ஆரம்பித்திருந்தால், அந்த வெற்றியைக் காப்பாற்றவாவது உள்ளே தெரிந்த தவறை எழுத்தில் சொல்லுங்கள். நம் கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 177-இன்படி பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குபவை, வங்கிக் கடன் 50 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளவை எல்லாம் ஊழியர்கள் புகார் சொல்ல ஒரு வழிமுறை வைத்திருக்க வேண்டும். புகார் சொன்னவரைப் பழிவாங்காமல் பாதுகாப்பதும் அதில் அடக்கம். தேவைப்பட்டால் மேனேஜரைத் தாண்டி ஆடிட் கமிட்டித் தலைவரிடமே நேராகப் போகலாம். இந்த விவரத்தை நிறுவனம் தன் இணையதளத்திலும் இயக்குநர் குழு அறிக்கையிலும் வெளியிட்டிருக்க வேண்டும். அங்கே இல்லையென்றால் கம்பெனி செக்ரட்டரியிடம் கேளுங்கள்.