எழுதத் தொடங்கும் முன் கூலியைப் பேசுங்கள்

கிளிநொச்சியில் இருந்துகொண்டு எழுத்தையே தொழிலாக்கிப் பதினொரு வருடங்களாகின்றன. மாதச் சம்பளம் தரும் முதலாளி எனக்கு இல்லை. கல்வெட்டு, பாடசாலை மலர், கும்பாபிஷேக மலர், தொண்டு நிறுவன அறிக்கை, பத்திரிகைக் கட்டுரை, மொழிபெயர்ப்பு, வெளிநாட்டிலிருக்கும் உறவுகள் கேட்கும் குடும்ப வரலாறு ஆகியவற்றால்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரிகிறது. அண்மையில் பரந்தனில் உயர்தரம் முடித்த பிள்ளைகள் சிலரோடு பேசக் கிடைத்தது. அவர்களில் மூன்று பேராவது என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள். "எழுதிப் பிழைக்கலாமா அண்ணை?" என்று கேட்டார்கள். பிழைக்கலாம். ஆனால் வன்னியில் நல்ல கையெழுத்தும் நல்ல மொழியும் உள்ள எத்தனையோ பேர் இரண்டு மூன்று வருடங்களில் ஒதுங்கிப் போனதைக் கண்டிருக்கிறேன். எழுதத் தெரியாமல் அவர்கள் ஒதுங்கவில்லை. கூலியைப் பேச வெட்கப்பட்டார்கள், அது அவர்களைத் தின்றுவிட்டது. இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைகளுக்காக.

எங்கள் பக்கத்தில் அதிகமாகக் கிடைக்கும் எழுத்து வேலை கல்வெட்டுத்தான். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் கொடுக்கும் நினைவு மலரை அப்படித்தான் சொல்கிறோம். தேவாரம், வம்சாவழி, வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளின் புலம்பல், நன்றி நவிலல் என்று முப்பது நாற்பது பக்கம் வரும். செத்தவீட்டில் காசு பேசுவது பாவம் என்று நினைத்துப் பலர் வாய் திறக்காமல் எழுதிக் கொடுக்கிறார்கள். பந்தல் போடுபவர் பேசித்தான் போடுகிறார், அச்சகம் முற்பணம் வாங்கித்தான் வேலையைத் தொடங்குகிறது. எழுதுபவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் தருமபுரத்தில் ஒரு பெரியவரின் கல்வெட்டை எழுதினேன். 1977 கலவரத்தின் பின் மலையகத் தோட்டமொன்றிலிருந்து குடும்பத்தோடு வந்து, காடு வெட்டிக் குடியேறியவர். அவர் முதலில் வெட்டிய கிணற்றைப் பற்றி மூத்த மகளிடம் கேட்டேன். அவர் எழுந்து வீட்டின் பின்புறம் போய், அடி துருவேறி ஓட்டை விழுந்த இரும்பு வாளியொன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "அப்பா கடைசி வரைக்கும் இதை எறிய விடவே இல்லை" என்றார். அந்த வாளியிலிருந்துதான் வாழ்க்கை வரலாற்றைத் தொடங்கினேன். அது நல்ல எழுத்து என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பாடம். கனடாவில் இருந்த மகன் பெயர் வரிசையை மாற்றச் சொன்னார், மருமகன் படத்தை மாற்றச் சொன்னார், பேரப்பிள்ளைகளின் பட்டம் விடுபட்டது என்று இன்னொரு அழைப்பு. எழுதியது இரண்டு நாள், திருத்தியது ஐந்து இரவு. கூலியும் பேசவில்லை, எத்தனை முறை திருத்துவேன் என்றும் சொல்லவில்லை. அதில் அந்தக் குடும்பத்தின் பிழை எதுவுமில்லை.

இப்போது ஐந்தாம் ஆறாம் நாளில் போகிறேன். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையிடம் பேசுவதில்லை. பொறுப்பாக நிற்கும் மருமகனையோ சித்தப்பாவையோ தனியாகக் கூப்பிட்டு, பக்கம் எத்தனை, தொகை எவ்வளவு, பெயர்களைச் சரிபார்த்துக் கையொப்பமிடுவது யார், அச்சகத்துக்குப் போகும் நாள் எது, திருத்தம் இரண்டு முறை மட்டும் என்று மெதுவாகச் சொல்கிறேன். பாதித் தொகை அன்றே கைக்கு வந்துவிட வேண்டும். இத்தனை வருடத்தில் இதற்காக என்னை ஒருவரும் கோபித்ததில்லை.

தொகையை எப்படிப் போடுவது என்றுதான் பிள்ளைகள் அதிகம் கேட்டார்கள். ஒரு மேசனின் நாட்கூலி ஊரில் எல்லோருக்கும் தெரியும். எழுதுபவரின் நாட்கூலி பெரும்பாலும் அவருக்கே தெரியாது. வீட்டுச் செலவு, மின்சாரம், டேட்டா, பஸ் காசு, சீட்டுக் காசு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். மாதம் 90,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை முப்பதால் பிரிப்பதுதான் எல்லோரும் விடும் தவறு. வேலை தேடும் நாள், பிரதேச செயலகத்தில் காத்திருக்கும் நாள், காய்ச்சலில் படுக்கும் நாள் போகக் கூலி கிடைக்கும் நாள் பதினைந்துதான் மிஞ்சும். அப்படியானால் உங்கள் நாட்கூலி 6,000 ரூபாய். ஒரு மலருக்கு ஐந்து நாள் வேண்டுமென்றால் கணக்கு உங்களுக்கே தெரியும். அதற்குக் கீழே இறங்குவதாக இருந்தால் தெரிந்துகொண்டு இறங்குங்கள். நானும் முன்பள்ளிகளுக்கு இறங்குகிறேன், பணமுள்ள சபைகளுக்கு இறங்குவதில்லை. விழாவில் போர்த்தும் பொன்னாடையை மரியாதையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அது கூலியில் சேராது.

பேசியதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். வட்ஸ்அப்பில் குரலாக வந்தது ஆறு மாதத்தின் பின் யாருக்கும் ஞாபகம் இருக்காது. முல்லைத்தீவுக் கரையோரக் கிணறுகள் உவர்ந்து போவதைப் பற்றி நான் பல நாள் அலைந்து எழுதிய கட்டுரை, வேறொருவர் பெயரில் ஒரு வெளியீட்டில் வந்தது. கேட்டபோது "காசு தந்துவிட்டோமே" என்றார்கள். என்னிடம் காட்ட ஒரு தாளும் இல்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, நீங்கள் எழுதி முடித்த கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. எங்கும் பதிய வேண்டியதில்லை. எழுதியவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்து 70 வருடங்கள் வரையும் அது நிற்கும். உங்கள் பெயர் இடம்பெற வேண்டும் என்று கேட்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. சம்பள ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதுவது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்குச் சொந்தம். நாங்கள் ஊழியர்கள் அல்ல. அதனால்தான் யாருக்கு என்ன உரிமை, எத்தனை முறை வெளியிடலாம், பெயர் எங்கே வரும் என்பது அந்தத் தாளில் இருக்க வேண்டும் என்கிறேன்.

எல்லாவற்றையும் எழுதுபவரை யாரும் தேடி வருவதில்லை. நான் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன். இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம், அதற்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆற்றின் வரத்து, சிறுபோக நெல்லுக்கு எத்தனை ஏக்கர் என்று கமக்காரர் கூட்டத்தில் எடுத்த முடிவு ஆகியவற்றை ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வந்தேன். அதற்கு அப்போது ஒரு சதமும் கிடைக்கவில்லை. 2018 டிசம்பரில் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கண்டாவளைப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் ஏறியபோது, நீரைப் பற்றித் தெரிந்து எழுதக்கூடியவரைப் பத்திரிகைகள் தேடின. அந்தக் கொப்பிதான் எனக்கு வேலை வாங்கித் தந்தது. கல்வி, மீன்பிடி, காணி என்று உங்களுக்கு நெருக்கமான ஒன்றைப் பிடியுங்கள். அலுவலகத்தில் தகவல் தர மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு நிறுவனம் ஒரு மாதத்தில் 100,000 ரூபாய்க்கு மேல் சேவைக் கட்டணம் தந்தால் 5 வீதம் கழித்துத்தான் தரும். கழித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள், வருட முடிவில் வரிக் கணக்குக் காட்டும்போது அது உங்கள் பணம். டின் (TIN) எனப்படும் வரி செலுத்துபவர் இலக்கத்தை இப்போதே எடுத்துவிடுங்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்தால் அந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம்; பெரிய நிறுவனங்கள் அதைத்தான் கேட்கின்றன.

கடைசியாக, எனக்கு மிகவும் நெருக்கமான ஒன்று. தொண்டு நிறுவனங்கள் பயனாளிகளின் கதையைக் கேட்டு எழுதச் சொல்லும். எங்கள் ஊரில் அந்தக் கதைகள் பெரும்பாலும் இழப்பின் கதைகள். எழுதிய பிறகு திரும்பிப் போய், சொன்னவருக்கே வாசித்துக் காட்டுவதை நான் விடுவதில்லை. அந்தப் பயணத்துக்கான பஸ் காசையும் ஒரு நாட்கூலியையும் தொகையோடு சேர்த்தே கேட்கிறேன். ஒட்டுசுட்டானில் ஒரு அக்கா, கோழிக் கூட்டின் பக்கத்தில் நின்றபடியே முழுவதையும் கேட்டார். காணாமற்போன மகனைப் பற்றிய இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, கோழியைப் பற்றி எழுதுங்கோ. அவனை இதுக்குள்ள வைக்க வேண்டாம்." அந்தப் பந்தியை அவர் முன்னாலேயே வெட்டினேன். நிறுவனத்திலிருந்து அதைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி இரண்டு முறை அழைத்தார்கள். நாங்கள் கையொப்பமிட்ட தாளில், கதை சொன்னவர் வேண்டாம் என்றதைச் சேர்ப்பதில்லை என்று ஒரு வரி இருந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பினேன். அறிக்கை கோழிகளோடு மட்டும் அச்சுக்குப் போனது.