ஓட்டை சின்னதுதான், ஆனா அதுக்குப் போற வழி?

கனடால ஒன்டாரியோ மாகாணத்துல டெமகாமி பக்கம் வுல்ஃப் லேக்னு ஒரு ஏரி, அதைச் சுத்தி ரெட் பைன்ங்கிற ஊசியிலை மரத்தோட பழைய காடு, சில மரத்துக்கு 300 வயசு கிட்ட ஆகுது. உலகத்துல மிஞ்சியிருக்குற பழைய ரெட் பைன் காட்டுலயே பெருசு இதுதான்னு சொல்றாங்க. இங்க மரம் வெட்ட அனுமதி இல்ல, ஆனா பழைய சுரங்க உரிமை இருக்கிறதால பாறையில ஓட்டை போட்டுக் கனிமம் தேடலாம்! "தேடத்தானே போறாங்க, எதுக்கு இவ்வளவு எதிர்ப்பு"ன்னு சிலர் கேக்குறாங்க. கேள்வி நியாயம்தான், ஏன்னா ஓட்டை நிஜமாவே சின்னது.

ஓட்டை போடுற மெஷினோட முனையில வைரத்துகள் பதிச்ச பிட் இருக்கும், நடுவுல காலியா குழாய் மாதிரி இருக்கும், அது சுத்திக்கிட்டே இறங்க இறங்க உள்ள பாறை உருளை உருளையா மாட்டிக்கும், அதுக்குப் பேரு கோர். தடிமன் பெரும்பாலும் 5, 6 செ.மீ. தான், ஆழம் மட்டும் நூத்துக்கணக்கான மீட்டர் போகும். பிட் சூடாகாம இருக்கவும் பாறைத்தூள் மேல வரவும் தண்ணி நிக்காம ஓடணும், அதைப் பக்கத்து ஏரிலயோ ஓடையிலயோ பம்ப் வச்சுதான் இழுப்பாங்க. திரும்பி வர்ற சேத்துத் தண்ணியைக் குழியில தேக்கித் தெளிய விடாம விட்டா நேரா ஏரிக்கே போயிரும்.

ஆனா உண்மையான அடி அந்த ஓட்டைக்கு முன்னாடியே விழுந்துடுது. எங்க துளைக்கணும்னு தெரிய, தரைக்குள்ள கரண்ட் விட்டுப் பாக்குற சர்வே பண்ணுவாங்க, அதுக்கு காட்டுக்குள்ள நேர்கோடு நேர்கோடா புதரையும் சின்ன மரத்தையும் வெட்டணும். அப்புறம் மெஷின் நிறுத்த ஒரு திடல், அது போக ஒரு ரோடு. அந்தப் பக்கம் பனிப்பாறைங்க பழைய மண்ணைச் சுரண்டிட்டுப் போன இடம், பாறை மேல மெல்லிசா ஒரு போர்வை மாதிரிதான் மண்ணு இருக்கு, வேர், வேரோட ஒட்டி வாழ்ற பூஞ்சை எல்லாமே அதுக்குள்ளதான். கனமான வண்டி ஏறினா மண்ணுல இருக்குற சின்னச் சின்ன இடைவெளி நசுங்கி காத்தும் தண்ணியும் உள்ள போகாது, அது சரியாக பல பத்து வருஷம் ஆகும். மரம் வெட்டித் திறந்த ஓரத்துல காத்து வேகமா அடிக்கும், அடர்த்திக்குள்ளயே வளர்ந்த மரம் அதுக்குப் பழகினது இல்ல, சாஞ்சிரும்.

ஹெலிகாப்டர்ல மெஷினை இறக்கினா ரோடு வேண்டாம், செலவுதான் கூட. ஆனா அப்பவும் திடல் வெட்டித்தான் ஆகணும். இதுல கடுப்பு என்னன்னா, இப்படித் தேடுற இடத்துல பெரும்பாலானது கடைசி வரைக்கும் சுரங்கமா மாறவே மாறாது, ஒண்ணும் கிடைக்கலன்னு கிளம்பிடுவாங்க, ரோடு மட்டும் அங்கயே கிடக்கும்.