சிங்கத்தை அப்புறம் பாருங்கள், கம்பியை முதலில் பாருங்கள்

"2,400 வருடப் பழைய கிரேக்கத் தங்க மோதிரம், சிங்கம் பொறித்தது, தைரியம் தரும்" என்று ஆன்லைனில் விற்கிறார்கள். போட்டோவை அனுப்பி, "வாங்கலாமா சார்?" என்று கேட்பவர்களும் பெருகிவிட்டார்கள். நகை மதிப்பீடு செய்பவன் என்ற முறையில் எனக்கு அந்தச் சிங்கம் ஒரு சான்றே இல்லை.

விலங்குகளுக்கு அர்த்தம் இல்லாமல் இல்லை. கிரேக்கத் தெய்வங்களில் ஆந்தை அதீனாவுக்கு, கழுகு ஜீயஸுக்கு, பாம்பு அஸ்க்லீபியஸுக்கு உரியவை. ஆனால் மோதிரத்தில் பொறித்த உருவம் பெரும்பாலும் முத்திரை. மெழுகிலோ களிமண்ணிலோ அழுத்தினால் அது உடையவரின் கையெழுத்து மாதிரி. மோதிரத்தைச் செதுக்கியவர், விற்றபின் அதன் அச்சைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பழங்கால ஏதென்ஸில் சோலோன் என்பவர் சட்டம் போட்டதாகவே சொல்வார்கள். அதிர்ஷ்டத்தைவிட மோசடி பயம்தான் அங்கே பெரிது! கிரீட் தீவின் மாலியாவில் கிடைத்த புகழ்பெற்ற தங்கப் பதக்கத்தில் இருப்பவை தேனீக்களா குளவிகளா என்பதிலேயே அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. விற்பவருக்கு மட்டும் எந்தச் சந்தேகமும் வருவதில்லை.

சரி, எதைப் பார்ப்பது? அந்தக் காலத்தில் மெல்லிய தங்கப் பட்டையை முறுக்கி, உருட்டித்தான் நகைக்கான கம்பி செய்தார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் திருகு போல ஒரு கோடு சுற்றிப் போகும். துளைத் தகட்டில் இழுத்த பிற்காலக் கம்பியில் நேர்கோடுகள் ஓடும். பழைய குருமணி வேலையில், அதாவது பொடிப் பொடித் தங்க மணிகளைப் பதிக்கும் வேலையில், மணிகளைச் செம்புச் சேர்மத்தால் ஒட்டினார்கள். மணிக்கு அடியில் பற்றாசு (ஒட்டுவதற்கு உருக்கிவிடும் உலோகம்) வழிந்திருக்காது. பற்றவைத்த இடத்தில் காட்மியம் என்ற உலோகம் இருந்தால், அதாவது நம் கேடிஎம் நகையில் பற்றவைக்கச் சேர்க்கும் சங்கதி இருந்தால், அந்தப் பற்றவைப்பு புதியது. காட்மியம் கண்டுபிடிக்கப்பட்டதே 1817இல்தான். காரட் மெஷின் காட்டும் எண்ணை வைத்துப் பழமையைச் சொல்ல முடியாது; பழந்தங்கத்தை உருக்கியும் போலி செய்யலாம்.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகமே ஏமாந்திருக்கிறது. சைதாஃபார்னஸ் என்ற பழங்கால மன்னனின் கிரீடம் என்று 1896இல் 2,00,000 ஃபிராங்குக்கு அது வாங்கிய பொருள், ஒடெசாவின் பொற்கொல்லர் ருகோமொவ்ஸ்கி செய்தது என்று 1903இல் வெளிவந்தது.

அசலாக இருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. அது கல்லறையிலிருந்து திருடியதாக இருக்கலாம். கிரீஸின் ஐடோனியாவில் 1970களில் மைசீனிய (வெண்கலக் காலக் கிரேக்க) கல்லறைகளைத் தோண்டித் திருடினார்கள். 1993இல் நியூயார்க்கில் விற்பனைக்கு வந்த நகைகள், அங்கே திருடர் கையில் படாமல் கிடைத்த பொறிப்பு மோதிரங்களோடு ஒத்துப்போயின. கிரீஸ் வழக்குத் தொடுத்தது. 1996இல் நகைகள் திரும்பின. அதனால் விலங்கின் பலனைக் கேட்கும் முன், எங்கே, எப்போது கிடைத்தது, எந்த அனுமதியோடு நாட்டைவிட்டு வெளியே வந்தது என்று காகிதம் கேளுங்கள். "பழைய குடும்பச் சேகரிப்பு" என்ற ஒற்றை வரி காகிதம் ஆகாது.